மாசியில் பெய்யாது என்று சொன்னவன்

மழையை அளக்கிறவனை யாரும் நம்புவதில்லை. நம்பிவிட்டால் அதைவிடக் கஷ்டம். தன்னுடையதல்லாத வேலைக்குப் பதில் சொல்லி அவதிப்பட்டவர்களுக்கு இது புரியும். நான் எட்டாவது வரை படித்தவன். நெய்வேலியில் சுரங்கத்துக்காக வைத்திருந்த மழைமானியைத் தினமும் காலை எட்டரைக்குத் திறந்து, விழுந்த நீரைக் குடுவையில் ஊற்றி அளந்து எழுதுவது என் வேலை. ஆபீஸ் ரெஜிஸ்டரில் ஒரு தடவை, என் சொந்த நோட்டில் ஒரு தடவை.

நேற்றைய மழை

குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டம்மா என்னைக் கண்டாலே, "நாளைக்கு வத்தல் போடலாமாங்க?" என்பார். பலமுறை சமாளித்துவிட்டு ஒருநாள் துணிந்து சொன்னேன், வரப்போகும் மழை எனக்குத் தெரியாது, நேற்றுப் பெய்ததைத்தான் அளக்கிறேன் என்று. அவர் முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நேத்து பெஞ்சது எனக்கே தெரியுமுங்க. அதுக்கு எதுக்கு ஒரு ஆளு?"

வருஷக் கூட்டல்

புதிதாக வந்த அதிகாரி ரெஜிஸ்டரைப் புரட்டி, "மொத்த மழை பழையபடிதானே இருக்கு? என்ன மாறிடுச்சு?" என்றார். அதிகாரிகளிடம் எனக்குப் பேச வராது. என் நோட்டை நீட்டினேன். மழை பெய்த நாளுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி வைப்பது என் பழக்கம். வருஷத்துக்கு வருஷம் புள்ளிகள் குறைந்திருந்தன. பல நாள் தூறிச் சேர்ந்த மழை, இப்போது சில நாளில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. கூட்டினால் அதே தொகைதான்.

அப்படிக் கொட்டும் நாட்களில் சுரங்கத்தின் அடியில் முழங்கால் தண்ணீரில் நிற்கும் பம்பு ஆபரேட்டர் கோவிந்தன் பக்கத்தில் இருந்தார்.

"முப்பது நாள் சோத்த ஒரே வேளையில எலையில கொட்டினாலும் கூட்டல் சரியாத்தான் சார் வரும். தின்னவன்தான் இருக்க மாட்டான்."

மூன்று தேதிகள்

கோவிந்தனுக்குச் சொந்த ஊர் பக்கத்திலிருக்கும் முத்தாண்டிக்குப்பம். மகள் கல்யாணம் வீட்டு வாசலில், பந்தல் போட்டு. ஜோசியர் ஐப்பசியில் இரண்டு தேதியும் மாசியில் ஒன்றும் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் ஐப்பசிதான் வேண்டும் என்றார்கள். கோவிந்தன் என்னிடம் வந்தார்.

இத்தனை வருஷ நோட்டுகளையும் பார்த்தேன். ஐப்பசித் தேதிகளில் புள்ளியோ புள்ளி. மாசித் தேதியில் ஒரு வருஷம்கூட ஒரு சொட்டு இல்லை. புள்ளிகள் மாறுகின்றன என்று அதிகாரிக்குக் காட்டியவன் நான். அதை எனக்கே சொல்லிக்கொள்ள மறந்து, "மாசி" என்றேன். கோவிந்தன் சம்பந்தியிடம் கெஞ்சி, கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்.

அந்த இரண்டு ஐப்பசித் தேதிகளிலும் வெயில் கொளுத்தியது. இரண்டாவது தேதியன்று கோவிந்தன் மனைவி வழியில் என்னை நிறுத்தினார்.

"அண்ணே, இன்னிக்கு வடாம் காயவச்சிகினு இருக்கேன். நல்லா மொறுமொறுன்னு காயுது."

முகூர்த்தம்

மாசித் தேதியன்று விடியலில் பிடித்த மழை எட்டரைக்கும் விடவில்லை. அளந்து எழுதிவிட்டு பஸ் ஏறினேன். எவ்வளவு பெய்தது என்று துல்லியமாகத் தெரிந்த ஒரே விருந்தாளி நான்தான்.

பந்தலில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். கோவிந்தனோடு வேலை செய்யும் பம்பு ஆட்கள் பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, சுரங்கத்தில் செய்வதுபோலவே தெருக்கோடியில் குழி வெட்டினார்கள். அதற்கு வாய்க்கால் இழுத்தார்கள். முந்திரித் தோப்புக்காரர் ஒருவரின் ஆயில் இன்ஜினைத் தள்ளிவந்து குழித் தண்ணீரை இறைத்தார்கள். மேளச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. இன்ஜின் சத்தத்தில் தாலி ஏறியது.

சம்பந்தி ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே, "ஐப்பசியை விட்டுட்டு இந்த நாளைச் சொன்னது யாருங்க?" என்றார். நான் சமையல் அண்டாக்களுக்குப் பின்னால் இருந்தேன். கோவிந்தன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. திட்டை அவர் வாங்குவது பொறுக்காமல் வெளியே வந்து, "நான்தாங்க" என்றேன். சம்பந்தி என் பக்கம் திரும்புவதற்குள் கோவிந்தன் நடுவில் வந்து நின்றார்.

"அண்ணன் நோட்டுல தப்பே இல்லீங்க, சம்பந்தி. மழைதான் அதப் படிக்காம வந்துட்டுது."

அன்றிலிருந்து முகூர்த்தம் கேட்டு வருகிறவர்களுக்கு நான் நோட்டைப் பிரிப்பதில்லை, இன்ஜின் வைத்திருப்பவர் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்புகிறேன்.