தக்காளித் தராசில் ஒரு பெட்டி

சூளகிரி மண்டியில் தக்காளித் தராசருகே பெட்டியோடு நிற்கிறேன். எடை போடக் கேட்கக் கூச்சம். படித்து முடித்து ஓசூர் கம்பெனியில் பயிற்சி இன்ஜினியராகச் சேர்ந்த மகளை ஜெர்மனிக்கு அனுப்புகிறார்கள். இன்றிரவு பெங்களூரில் விமானம்.

"சும்மா வைங்கண்ணா, பொட்டியும் தக்காளியும் தராசுக்கு ஒண்ணுதான்," என்கிறார் மண்டிக்கார அம்மா. "எவ்ளோ விடுவாங்க?"

"இருபத்தி மூணு கிலோக்கா," என்கிறாள் மகள்.

ஒன்றரைக் கிலோ கூடுதல். மகள் பெட்டியைத் திறந்து, கம்பெனி பெயர் போட்ட கனமான பூட்ஸுக்குப் பக்கத்திலிருந்து நான் வறுத்து அரைத்த பருப்புப் பொடி டப்பாவை வெளியே எடுக்கிறாள். நான் தரையைப் பார்க்கிறேன்.

"அத ஏம்மா எடுக்கற? அந்தக் கம்பெனி பூட்ஸ எடுத்துக் கால்ல மாட்டு," என்கிறார் மண்டிக்கார அம்மா.

மகள் சிரித்தபடி மாட்டிக்கொள்கிறாள். பொடி உள்ளே போகிறது. தராசு இருபத்து மூன்றில் நிற்கிறது.

சுடிதாரும் பூட்ஸுமாக அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடக்கிறாள். அவளுடைய செருப்புகளைக் கையில் பிடித்தபடி நான் பின்னால் போகிறேன்.