அக்கா வாயில் என் வார்த்தை

பிறந்ததிலிருந்தே என் நாக்கும் கையும் நான் சொன்னால் கேட்பதில்லை. பேச்சு கோணிக்கொண்டு வரும், கை தன் இஷ்டத்துக்கு ஆடும். பயம் வந்துவிட்டால் இன்னும் மோசம். எழுபதுகளின் கடைசியில், பசியாவரம் ஊர்க்கூட்டத்தின் நடுவே, கரையில் இழுத்துப் போட்ட கெளுத்தி மாதிரி நான் துடித்துக்கொண்டிருந்தேன். என் அப்பா, நைனா, செத்துப்போன பிறகு வந்த முதல் பாடு அது.

பாடு என்றால் ஏரியில் முறை. யார் வலை என்றைக்கு எந்த இடத்தில் விழும் என்று சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். பங்குக்காரன் தன் கையாலேயே சட்டிக்குள்ளிருந்து சீட்டை எடுக்க வேண்டும். நைனாவின் பங்கு எனக்கு வர வேண்டியது. சித்தப்பா எழுந்தார்.

"இவனுக்கு இன்னா தெரியும்? பங்கு என் பேர்ல இருக்கட்டும். சோறு போட்டு நான் பாத்துக்கறேன்."

நிச்சயம் போடுவார். அதுதான் என் நடுக்கம். பெயர் ஒருமுறை கைமாறினால், அப்புறம் எனக்குப் பசிக்கிறதா இல்லையா என்பதையும் அவரே சொல்லிவிடுவார். சட்டம் பொன்னேரி கோர்ட்டில் இருந்தது. படகேறி, பஸ் ஏறி அங்கே போய் நான் வாயைத் திறந்தால், வக்கீல் பயந்துபோய் எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லியிருப்பார்.

"நீ இன்னாம்மா சொல்றே?" என்று தலைவர் என் அக்காவைக் கேட்டார். என் பேச்சு முழுசாகப் புரிந்த ஒரே ஆள் அவள்தான்.

"என்னை எதுக்குக் கேக்கறீங்க? பங்கு அவனுது. அவனைக் கேளுங்க. சொல்றதை அப்படியே சொல்றேன்."

"உன் இஷ்டத்தைச் சொல்லிட்டு, அவன் சொன்னான்னு சொல்லுவே," என்றார் சித்தப்பா. நாலைந்து தலைகள் ஆடின.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "பங்கு உனக்கே வந்தா, யார் படகுல சேருவே?"

வாயைத் திறந்தேன். முதலில் எச்சில்தான் வந்தது. "பாவம்பா, வுட்டுடுங்க," என்றது ஒரு குரல். மறுபடி முயன்று சொல்லி முடித்தேன். அக்காவின் முகம் கறுத்தது.

நான் சொன்னது பக்கத்து வீட்டுக்காரரை. கருவாடு காயப்போட்ட இடத் தகராறில் அந்த வீட்டோடு அக்காவுக்குப் பேச்சே இல்லை. அவள் வேறு யாரைச் சொன்னாலும் கூட்டம் நம்பியிருக்கும். அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏரியில் புயலில் மாட்டியபோதும் எனக்கு அப்படி ஒரு பயம் வந்ததில்லை.

"பக்கத்து வூட்டுப் படகாம்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "நானா இருந்தா அந்தப் பக்கம் காறிக்கூடத் துப்பமாட்டேன். இந்தக் கழுதைக்கு அதான் வேணுமாம்."

கூட்டம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. "ஏன்டா அவன்?"

நான் சொன்னேன். அக்கா கொஞ்சம் இறங்கிய குரலில் திருப்பிச் சொன்னாள்: "வலை எங்க போடலாம்னு இவனைக் கேப்பாராம். இவன் சொல்லி முடிக்கறவரைக்கும் கோலை ஊனிக்கினு நிப்பாராம்."

"பங்கு இவனுக்கே," என்றார் தலைவர். சித்தப்பா உட்கார்ந்தார். சீட்டுச் சட்டி என் முன்னால் வந்தது.

"கவுத்துடப் போறான்," என்றார் சித்தப்பா உட்கார்ந்தபடியே. அதே கவலைதான் எனக்கும். அக்கா கையை நீட்டினாள்.

"நீ எடுக்கக் கூடாதும்மா," என்றார் தலைவர்.

"எடுக்கல. சட்டியைப் புடிச்சிக்கறேன்."

அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். என் கை விளிம்பில் இடித்து, உள்ளே போய், துழாவி வெளியே வந்தது. இரண்டு சீட்டுகள்.

"பேராசை புடிச்சவனே, ஒன்ன உள்ள போடு," என்றாள்.

எதை என்று அவள் சொல்லவில்லை. வேறு யாரும் சொல்லவில்லை. நானே ஒன்றைச் சட்டிக்குள் போட்டுவிட்டு, மற்றதைத் தலைவரிடம் நீட்டினேன்.