பச்சைப் பொட்டுச் சிட்டின் வேகம்

லூசியானா கடலோரத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டும் வெல்மா, வளைகுடாவைத் தாண்டி வந்த ரீங்காரச் சிட்டு ஒன்றின் காலில் எண் வளையம் மாட்டி, உச்சந்தலையில் பச்சைப் பொட்டும் வைத்து விட்டாள். பத்தாம் நாள், முந்நூறு மைல் வடக்கே, அவளைப் போலவே பறவைகளுக்கு வளையம் மாட்டும் தோழியிடம் அது அகப்பட்டது.

"முந்நூறைப் பத்தால வகுத்தா ஒரு நாளைக்கு முப்பது மைல். இதுக்கா லீவு போட்டேக்கா?" என்றான் தம்பி கர்ட்டிஸ், அவித்த நண்டை உடைத்தபடி. இரண்டு நாள் தங்க வந்தவன், மூன்று வாரமாக அவள் வீட்டிலேயே இருந்தான்.

வேகத்தைக் கணக்கிட, வளையம் மாட்டிய நாளிலிருந்து எண்ணுவதுதான் பறவை ஆர்வலர் எல்லோர் வழக்கமும். வெல்மாவுக்கு அது ஆகாது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை சிட்டுகள் குடிக்கத் தொங்கவிட்ட சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு, தினமும் பொட்டைத் தேடியவள் அவள்.

"எட்டாம் நாள் சாயங்காலமும் இங்கதான் குடிச்சுது. பறந்தது ரெண்டே நாள். ஒரு நாளைக்கு நூத்தைம்பது மைல்."

"அதுவரைக்கும் என்ன பண்ணுச்சாம்?"

"உன்னை மாதிரி உக்காந்து தின்னுச்சு," என்று நோட்டை மூடினாள் வெல்மா. "ஆனா அது கிளம்பிடுச்சு."