படையலில் ஒரு பொறை

என் அப்பாவைப் பெற்ற ஆயாவை நான் பார்த்ததில்லை. அப்பாவும் பார்த்தார் என்று சொல்ல முடியாது. அவர் நடை பழகும் வயதிலேயே அவள் போய்விட்டாள். வீட்டில் அவளுக்கு ஒரு படம்கூடக் கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை, போகியன்று, ஒரு சொம்புக்குப் பூச்சுற்றி, பக்கத்தில் புதுப்புடவை வைத்து, அதுதான் ஆயா என்று விழுந்து கும்பிடுவோம்.

செத்தவர்களுக்கு உயிரோடிருந்தபோது எது பிடித்ததோ அதைத்தான் இலையில் வைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பிடிக்காததை வைத்தால் காக்கா தொடாது. காக்கா தொடாமல் வீட்டில் யாரும் சாப்பிட முடியாது. இதனால் வருஷம் தவறாமல் எங்கள் வீட்டில் ஒரு சண்டை நடக்கும்.

அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் வேலை. ஆயாவுக்கு மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பு என்றால் உயிர் என்று, நேற்றுப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்போலச் சொல்வார். வேலப்பன்சாவடியிலிருந்து வரும் அத்தை, அப்பாவின் அக்கா, உடனே எகிறுவாள். கழனி நண்டைத் தட்டிப் போட்ட ரசம்தான் தன் அம்மாவுக்குப் பிடிக்கும் என்பாள். "தொட்டில்ல கெடந்தவனுக்கு இன்னா தெரியும்? நான்தான அவ முந்தானைய புட்சிகினு சுத்தனவ!" நடுவில் மாட்டிக்கொண்ட அம்மா இரண்டையும் சமைப்பாள். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு போகிக்குக் காக்கா வரவே இல்லை. உன் கருவாடுதான் காரணம் என்று அத்தையும், உன் நண்டுதான் என்று அப்பாவும் கத்தினார்கள். தெரு முழுக்கப் பழைய பாயும் துடைப்பமும் எரிகிற புகையில் எந்தக் காக்கா வரும் என்று யாரும் யோசிக்கவில்லை. அத்தை சாப்பிடாமலே பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அடுத்த அரைப் பரீட்சை லீவுக்கு என்னை அத்தை வீட்டுக்கு அனுப்பியபோது அம்மா காதோடு சொன்னாள்: "ஆயாவுக்கு மெய்யாலுமே இன்னா புடிக்கும்னு அங்க யாரையாச்சும் கேட்டுகினு வா. அத்தைய மட்டும் கேக்காத."

எனக்குத் தலைகால் புரியாத பெருமை. பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, ஆயா வாழ்ந்த அந்தத் தெருவில் ஒரு வீடு விடாமல் கேட்டேன். கேட்ட இடமெல்லாம் வாயூற ஊறப் பேசினார்கள். அவள் கிண்டிய கேழ்வரகுக் களியில் ஒரு கட்டி இருக்காதாம். ஏரிக் கெளுத்தியை அவள் கழுவுகிற மாதிரி கழுவ ஆளில்லையாம். கூழுக்கு அவள் சுட்டுவைக்கும் மிளகாய்க்கே இன்னும் ஒரு சட்டி இறங்குமாம். எல்லோருக்கும் அவள் ஆக்கிப்போட்டது ஞாபகம் இருந்தது. அவள் எதை ஆசையாகச் சாப்பிட்டாள் என்று கேட்டால் மட்டும், "அவளா?" என்று மோட்டுவளையைப் பார்த்தார்கள்.

கடைசியில், அந்தக் காலத்தில் ஆயாவோடு பூந்தமல்லி மார்க்கெட்டில் கீரை விற்ற ஒரு பெரியம்மாவிடம் போனேன். கேள்வியை முடிக்கும் முன்பே அவள் சிரித்துவிட்டாள்.

"பொறை! டீக்கடை பாட்டில்ல இருக்குமே காஞ்ச ரொட்டி, அதான். கீரக்கூட காலியானதும் டீக்கடைக்குப் பின்னாண்ட ரெண்டு பேரும் குந்துவோம். பொறைய டீயில முக்கி முக்கித் துன்னுவா. அப்போ எங்கூட ஒரு வார்த்த பேச மாட்டா. 'புள்ளங்களுக்கு ரெண்டு வாங்கினு போயேன்'னு கேட்டா, 'அதுங்களுக்குத்தான் நாள் முச்சூடும் ஆக்கிக் கொட்றேனே, இது என்னுது'ம்பா."

ஊருக்குத் திரும்பிய அன்று, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் இதை அப்படியே ஒப்பித்தேன். அப்பா பிசைந்த கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"எங்கம்மா டீக்கடையாண்ட குந்தினு துன்னாளா? எங்கள உட்டுட்டா?" என்றார். கோபம் மாதிரி இருந்தது, கோபம் இல்லை. பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டுத் தான் பட்டினி கிடந்தவள் என்று யாரோ சொல்லக் கேட்டதுதான், முகம் தெரியாத அம்மாவைப் பற்றி அவரிடம் இருந்த ஒரே கதை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். எனக்கு அழுகை வந்தது. அம்மா அவர் தட்டை எடுத்து மூடி வைத்தாள்.

போகி வந்தது. கோபம் தணிந்து அத்தையும் வந்தாள். அப்பா குளிக்கப் போன நேரத்தில் அம்மா என்னிடம் தூக்கைக் கொடுத்து, டீயும் ரெண்டு பொறையும் வாங்கிவரச் சொன்னாள். கடையில் வாங்கியதைப் படைக்கவே கூடாது என்பதும் எங்கள் வழக்கம்தான்; ஆனாலும் அம்மா கருவாட்டுக்கும் நண்டுக்கும் நடுவே ஒரு டம்ளர் டீயையும் ஒரு பொறையையும் வைத்தாள்.

"இன்னாடி இது?" என்றாள் அத்தை.

"அவங்களுக்குத்தான்" என்றாள் அம்மா.

அப்பா ஈரத்தலையோடு வந்து பார்த்தார். குனிந்து டம்ளரில் கை வைத்தார். தூக்கி எறியப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் அதை இலைக்கு வலது பக்கம், கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்தார்.

"டீ ஆறிடப் போவுது. கற்பூரத்த ஏத்து" என்றார்.

அன்றைக்குக் காக்கா உடனே வந்தது. அதற்கு என்னவோ கருவாடுதான் பிடித்தது. அப்பா அத்தையைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்கு நினைப்பெல்லாம் அந்த இரண்டாவது பொறையின் மேல்தான். கடைக்கு நடந்தவள் நான். அது எனக்குத்தான் என்று முடிவு செய்திருந்தேன். எல்லோரும் சாப்பிட்ட பிறகு அம்மாவைத் தேடிப் போனேன். வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லின் மேல் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, தூக்கில் மீந்த டீயில் பொறையை முக்கித் தின்றுகொண்டிருந்தாள். பிட்டு ஒரு வாயாவது தருவாள் என்று பக்கத்தில் போய் நின்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கடைசித் துண்டையும் வாயில் போட்டுக்கொண்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னா?" என்றாள்.

பொங்கல் முடியும்வரை அந்த ஆத்திரம் எனக்கு ஆறவில்லை. செத்துப்போன ஆயாவுக்கு என்ன பிடிக்கும் என்று தெரு முழுக்கக் கேட்டு வந்தவள் நான். உனக்கு என்ன பிடிக்கும் என்று அம்மாவைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.