சீனிக் கோபுரம்

இடக் கை இடுப்பைத் தாங்கிக்கொள்ள, வலக் கை வெள்ளைச் சீனிப்பசைக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சரித்து ஒட்டிக்கொண்டிருந்தது. இடுப்பு கேக்கினுடையது. அடியில் அகன்று, நடுவில் ஒரு பிடிக்குள் அடங்கும்படி ஒடுங்கி, மேலே மறுபடி விரியும் கோபுரம். ஈரத் துணியைப் பிழிந்ததுபோல ஒரு முறுக்கு வேறு. ஒரு கம்பி மயிரிழை விலகியிருந்தது. விரல் அதைக் கிள்ளி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை உருட்டியது.

கைகளுக்குச் சொந்தக்காரி கிளடிஸ். ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில், மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் தளத்தில் இருக்கிறாள். மேலே நல்ல வெளிச்சமான வீடு காலியானபோது, “கேக் கொண்டு இறங்கிறது கரைச்சல்” என்று மறுத்துவிட்டாள். பாவம், பழி கேக்கின் தலையில்.

கேக் செய்ய அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிழை விட்டு விட்டுப் பழகியதுதான். பழகிய பிறகு ஒரு விதியும் வைத்துக்கொண்டாள்: கண்ணால் காணாததைக் கேக்கில் வைப்பதில்லை. ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்குக் குப்பை லொறி கேட்டார்கள். லொறி வரும் நாளில் வாசலில் நின்று, பின்கதவு எப்படித் திறக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மாவில் கை வைத்தாள். முறைப்பாடு சொல்ல நிற்கிறாளாக்கும் என்று நினைத்துச் சாரதி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான்.

இப்போது அந்த விதி அவளுடைய கழுத்தையே பிடித்திருந்தது.

போன வருடம் பங்குக் கோயில் ஆட்களோடு சீனாவுக்குச் சுற்றுலா போனாள். குவாங்சோ நகரத்துப் பார்வைக் கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோதே, உயரத்துக்குப் பயந்தவள் வரிசையின் கடைசிக்கு நழுவினாள். முதல் லிஃப்ற்றில் போனவர்கள் அவள் அடுத்ததில் வருகிறாள் என்று நினைத்தார்கள். அடுத்ததில் போனவர்கள் அவள் முதலிலேயே போய்விட்டாள் என்று நினைத்தார்கள். மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் போனாள். அங்கே ஆட்கள் இருக்கப் போட்டிருந்த வாங்கில் மாக்கஸ் அண்ணை உட்கார்ந்திருந்தார். கோயில் பாடகர் குழுவின் பெரிய குரல் அவருடையது. சீனி வருத்தக்காரர், இனிப்புக்கு வீட்டில் தடை. கையில் ஐஸ்கிறீம்.

“பிள்ளை, நீ என்னைக் காணேல்லை.”

“நீங்களும் என்னைக் காணேல்லை அண்ணை. உது எங்கை விக்குது?”

ஆளுக்கொன்று சாப்பிட்டார்கள். மற்றவர்கள் இறங்கி வரச் சுணங்கியதால் ஆளுக்கு இன்னொன்றும் சாப்பிட்டார்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ரொறன்ரோ திரும்பியதும் மாக்கஸ் பூசை முடிந்த கையோடு மண்டபத்தில் கதை விடத் தொடங்கினார். முகில் காலுக்குக் கீழால் போனதாம். கண்ணாடிக் கூண்டில் ஏறிக் கோபுர விளிம்பைச் சுற்றினாராம். யாராவது நம்பாமல் முகத்தைச் சுழித்தால், “கிளடிஸைக் கேளுங்கோ, பக்கத்தில நிண்டவ” என்பார். கிளடிஸ் ஓம் போட்டாள். ஒரு ஞாயிறு வாய் சும்மா கிடக்காமல், “அண்ணைதான் பயத்தில என்ர கையைப் பிடிச்சவர்” என்றும் சேர்த்துவிட்டாள்.

மாக்கஸின் மகள் நடாஷா இங்கே பிறந்தவள். அப்பாவின் அறுபதாம் பிறந்தநாளுக்கு அந்தக் கோபுரத்தையே கேக்காகக் கேட்டு போன் எடுத்தாள்.

“அன்ரி, உச்சியில அப்பாவும் நீங்களும். லைக், ரெண்டு குட்டிப் பொம்மை. அண்ட் ஒரு சப்றைஸ்! இஞ்ச சீஎன் டவர்ல, வெளி விளிம்பில கயிறு கட்டி நடக்க அப்பாக்கு ரிக்கெற் எடுத்திட்டன். உங்களுக்கும் ஒண்டு! யூ கைஸ் ஆர் சோ பிறேவ்.”

கிளடிஸ் கதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த நாளே மாக்கஸ் போன் எடுத்தார். சப்றைஸ் மனைவியின் வாய்வழி கசிந்திருந்தது.

“கிளடிஸ், அறுபது வயசில தகப்பனை மேல அனுப்ப ரிக்கெற் எடுத்த பிள்ளையைக் கண்டிருக்கிறியோ?”

“என்னையுமெல்லோ சேர்த்து அனுப்புறாள்!”

“முழங்கால் நோகுது எண்டு சொல்லட்டோ?”

“போன கிழமை நீங்கள் பைலா ஆடினதை மண்டபமே பாத்தது.”

“அப்ப நீ உண்மையைச் சொல்லு.”

“ஏன், உங்கட வாய்க்கு என்ன?”

“நான் வாய் திறந்தால் அண்டைக்கு என்ன சாப்பிட்டனெண்டும் வெளிய வரும். மனிசி விடாள்.”

இடுப்பு முடிந்தது. உச்சிதான் மிச்சம். இரண்டு பொம்மைகளையும் செய்து முடித்து மேலே கொண்டுபோன கை அந்தரத்தில் நின்றது. கண்ணாடிக் கூண்டின் கதவு எந்தப் பக்கம் திறக்கும்? கைபிடி எங்கே இருக்கும்? போனில் கிடந்த படங்கள் சொல்லவில்லை. குப்பை லொறிக்கே பொய் செய்யாத கை அது.

அடிப்பக்கம் மட்டும் அவளுக்கு மனப்பாடம். தூண் எவ்வளவு சரிந்திருந்தது, வாங்கின் கால் எப்படி வளைந்திருந்தது, எல்லாம் தெரியும். அவ்வளவு நேரம் அங்கேதானே இருந்தாள்.

கிளடிஸ் தனியே சிரித்தாள். உண்மை வெளியே வந்தால் மண்டபம் ஒரு வருடம் சிரிக்கும். சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பை நிலத்தில் நின்று கேட்கலாம். பொம்மைகளைக் கீழே இறக்கி, வாங்கு செய்து, பக்கத்தில் பக்கத்தில் இருத்தினாள். பிறகு சின்னச் சின்னக் கூம்புகள் உருட்டினாள். மாக்கஸின் கைகளுக்கு இரண்டு. தன் கைகளுக்கும் இரண்டு, நியாயம் நியாயம்தானே.

பிறந்தநாள் அன்று மத்தியானம் நடாஷாவும் மாக்கஸும் கேக்கை எடுக்க வந்தார்கள். மாக்கஸ் முதலில் உச்சியைப் பார்த்தார். யாரும் இல்லை. முகம் மலர்ந்தது. நடாஷா குனிந்து அடியைப் பார்த்தாள்.

“அன்ரி, ரெண்டு பேரும் ஏன் கீழ இருக்கிறீங்கள்?”

“கண்ணால கண்டதைத்தானே பிள்ளை நான் வைப்பன்.”

நடாஷா பொம்மையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், மறுபடி பொம்மையைப் பார்த்தாள். “வெயிற். நீங்கள் மேல போகவே இல்லையோ?”

மாக்கஸுக்குத் திடீரென்று சீலிங்கில் ஏதோ அலுவல் இருந்தது.

“அண்ட் கையில என்ன அப்பா? ஐஸ்கிறீமா?”

“உது மைக் பிள்ளை. பாட்டுப் படிக்கிறன்.”

“ரெண்டு மைக்கோ?”

“பெரிய கோபுரமெல்லோ.”

நடாஷா சிரித்த சிரிப்பில் குளிர்சாதனப் பெட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. “அப்ப அந்த ரிக்கெற்?”

“நீயும் அம்மாவும் போங்கோ. நாங்கள் கீழ நிண்டு பாக்கிறம்,” என்றாள் கிளடிஸ். “அது எங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச வேலை.” கேக்குத் தட்டைத் தூக்கி நடாஷாவின் கைகளில் வைத்தாள். “அடியைப் பிடி பிள்ளை, அடியை. உச்சியை நம்பாதை.”