கடைசித் தாளில் யூனிஸ்

பிரிண்டரிலிருந்து எந்தக் கட்டு வந்தாலும் வேதநாயகம் சார் முதலில் அதன் கடைசித் தாளைத்தான் புரட்டுவார். விடைகள் முன் பக்கங்களில் இருக்கும். கடைசித் தாளில் இருப்பது, அந்த வேலைக்காக மெஷின் எடுத்துக்கொண்ட சின்னச் சின்னப் புரோகிராம்களின் பெயர்ப் பட்டியல் மட்டும். ஆராய்ச்சி மாணவர்கள் அதைக் கிழித்து வேர்க்கடலை மடிப்பார்கள். அவர் மட்டும் ஒரு கணம் நின்று படித்துவிட்டு, மடித்து, மாணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்.

திருப்பதியில் நாங்கள் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் அவர் ஆபரேட்டர். மாணவர்கள் புரோகிராமை வரிக்கு ஒன்றாகத் துளையிட்டு அடித்துக் கொண்டுவரும் கார்டுக் கட்டுகளை வாங்கி நம்பர் போட்டு வைக்கிற கிளார்க் நான். 1984-இல் அவருக்கு நாற்பத்திரண்டு வயது. சித்தூர் மிஷன் சபைக் குடும்பம். கல்யாணம் ஆகவில்லை. சனிக்கிழமை ரயிலேறி பாகாலா வழியாக ஊருக்குப் போவார். திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து, மெஷின் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

தப்புக் கண்டுபிடிப்பதில் அவருக்குப் பெயர் இருந்தது. மாணவர்கள் தங்கள் எண் வரிசைகளுக்கும் புரோகிராம் பகுதிகளுக்கும் தோன்றிய பெயரை வைத்துவிடுவார்கள். அந்தப் பெயரில் மெஷினுக்குள்ளேயே வேறொரு புரோகிராம் இருக்கும். இரண்டும் மோதும். ஆனால் கார்டுகளைப் படித்துப் பிழை சொல்கிற கம்பைலர் மோதிய இடத்தைக் காட்டாது. சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு வரியில் பிழை என்று அச்சடிக்கும். பையன்கள் அந்த வரியையே நாலு நாள் திருத்துவார்கள்.

“ஒரே தெருவுல ரெண்டு முனிகிருஷ்ணன் இருந்தா தபாலு மாறிப் பூடும்பா. சண்டை எங்கியோ அடுத்த தெருவுல நடக்கும்” என்பார். “உங்க ஊட்டு ஆளுங்க பேரா வைங்க. மெஷினுக்கு அவங்களத் தெரியாது.”

அது எங்கள் சென்டரின் வழக்கமாகவே ஆகிவிட்டது. கார்டுகளில் அத்தைகளும் சித்தப்பாக்களும் ஓடினார்கள். முனிகிருஷ்ணன் என்ற மாணவன் தன் மாமியார் பெயரை வைத்தான். “ஊட்லதான் சார் தகராறு. இங்க ஒரு பேச்சு பேசாம வேலை செய்யிது” என்றான்.

ஆகஸ்டில் சுலோசனாவின் கட்டு சிக்கியது. வெதுருகுப்பத்துப் பெண், இருபது வருட மழை அளவை வைத்து ஆராய்ச்சி. சனிக்கிழமையிலிருந்து மெஷினைப் பழுது பார்க்கப் பத்து நாள் நிறுத்துகிறார்கள். அதற்குள் விடை வராவிட்டால் அவளுடைய தீசிஸ் அடுத்த வருடம்தான். புதன்கிழமை ஓட்டியபோது இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் பிழை என்று வந்தது. அந்த வரியில் ஒரு கூட்டல் தவிர எதுவும் இல்லை.

வேதநாயகம் சார் அவளுடைய கார்டுகளை வரிசையாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு கார்டில் கை நின்றது. பிறகு தள்ளிவிட்டார்.

“கார்டு ஓரம் மடங்கிக்கினு இருக்குதும்மா. இன்னொரு வாட்டி பஞ்ச் பண்ணி எடுத்துக்கினு வா.”

எந்தக் கார்டும் மடங்கியிருக்கவில்லை. அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் மற்றவற்றைத் திரும்ப அடுக்கும்போது அந்தக் கார்டை எடுத்துப் பார்த்தேன். அவள் தானே எழுதிய ஒரு சின்னப் பகுதிக்கு யூனிஸ் என்று பெயர் வைத்திருந்தாள்.

எனக்கு ஒரு யூனிஸைத் தெரியும். ஐந்து வருடம் முன்பு வரை எங்கள் பஞ்ச் ரூமில் கார்டு அடித்துக்கொண்டிருந்தவள். அவளும் சித்தூர், சாருடைய அதே சபை. சனிக்கிழமைகளில் இருவரும் ஒரே பெட்டியில் ஏறுவார்கள்; பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அதே ரயிலில் வந்து பாகாலாவில் இறங்கும் நான் ஜன்னல் வழியே பார்ப்பேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பக்கம் திருப்பவே மாட்டார்.

“எத்தினி தீசிஸு அடிச்சிருப்பேன் சார்” என்று ஒருநாள் அவள் கார்டுக் கட்டை அவர் மேஜையில் வைத்தாள். “கைடு பேரு வருது, பசங்க பேரு வருது. எம்பேரு எங்கனா ஒரு மூலையில வருதா?”

அவர் சிரித்தார். அடுத்த மாதம் அவள் கல்யாணப் பத்திரிகை கொடுத்தாள். மாப்பிள்ளைக்குக் கோலாரில் வேலை. “சந்தோஷம்மா” என்றார். அவள் வேலையை விட்டுப் போன வாரத்தில்தான், எல்லா வேலைக்கும் கடைசித் தாளை அச்சடிக்கிற புரோகிராமை அவர் புதிதாக எழுதி மெஷினில் ஏற்றினார். அதற்கு அவர் வைத்த பெயரை நான் அன்று கவனிக்கவில்லை. இப்போது ஒரு பழைய கட்டை எடுத்துக் கடைசித் தாளைப் பார்த்தேன். பட்டியலின் அடியில் யூனிஸ் இருந்தது. ஐந்து வருடமாக எங்களிடமிருந்து போன ஒவ்வொரு கட்டிலும் இருந்திருக்கிறது. கோலாருக்கு ஒன்றும் போயிருக்காது.

வியாழனும் அதே பிழை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு சுலோசனா வந்தபோது கண் வீங்கியிருந்தது.

“மூணு நாளா அதே வரியத் திருத்திக்கினு இருக்கேன் சார். எங்க நைனா வேற, போதும் ஊட்டுக்கு வந்துடுன்னு லெட்டர் போட்டுக்கினு இருக்காரு.”

வேதநாயகம் சார் மெஷினையே பார்த்துக்கொண்டு சொன்னார். “வரியில தப்பு இல்லம்மா. இந்த யூனிஸுன்ற பேரு... இது வேணாம்.”

“ஊட்டு ஆளுங்க பேரு மெஷினுக்குத் தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“இந்தப் பேரு அதுக்குத் தெரியும்.”

அவள் விழித்தாள். “ஹாஸ்டல்ல என் ரூம்ல இருக்கிறவ சார். எனக்கு ஜுரம் வந்தப்ப மழைக் கணக்கு மொத்தமும் அவதான் பிரதி எடுத்தா. தீசிஸுல அவ பேரு எங்கியும் வராது. அதான் இதுலயாவது இருக்கட்டும்னு வச்சேன்.” கொஞ்சம் பொறுத்து, “பரவால்ல சார், மாத்திடறேன்” என்றாள்.

அவர் யூனிஸ் கார்டை உருவிப் பார்த்து, கட்டில் அதன் இடத்திலேயே திருப்பிச் செருகினார்.

“நீ மாத்தணும்னா அந்தப் பேரு வர்ற அறுபது கார்டும் அடிக்கணும். அஞ்சு மணிக்கு நிறுத்திடுவாங்க” என்றார் கடைசியில். “மெஷின்ல இருக்கிற பேர நான் மாத்தணும்னா ரெண்டு கார்டுதான். நீ உக்காரு.”

பஞ்ச் ரூமுக்குப் போய் அவரே அடித்தார். இரண்டு கார்டுக்கு அவ்வளவு நேரம் ஆகாது. நான் எட்டிப் பார்க்கவில்லை. வந்து மெஷினில் ஏற்றிவிட்டு, சுலோசனாவின் கட்டைப் போட்டார். நாலரைக்குப் பிரிண்டர் ஓடத் தொடங்கியது. மழை அளவுகள் பக்கம் பக்கமாக இறங்கின. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் கடைசித் தாளைப் புரட்டினார். யூனிஸ் இருந்தது, சுலோசனாவுடைய யூனிஸ். அடியில், அவருடைய புரோகிராம் இருந்த இடத்தில், லைன் பிரிண்டரைச் சுருக்கி ‘எல்பி ஒன்று’ என்று புதிதாக ஒரு பெயர். அன்றைக்குக் கொஞ்சம் அதிக நேரம் படித்தார்.

“கடைசித் தாளக் கிழிச்சிடாதம்மா. உன் சிநேகிதிக்குக் காட்டு.”

“நிச்சயம் சார்” என்று கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள்.

பத்து நாள் கழித்து மெஷினைத் திறந்த அன்று, ஒருவரும் வருவதற்கு முன், நான் கேட்டேன். “அவ வேலைதான் முடிஞ்சிடுச்சே சார். பழைய பேரையே திரும்ப வச்சிடலாமே?”

செருப்பைச் சுவரோரம் தள்ளி வைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்குத் தெரியும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

“இன்னொரு பொண்ணு இதே பேர எடுத்துக்கினு வரும்பா. அதுவும் மூணு நாளு அழணுமா?”

முதல் கட்டு முனிகிருஷ்ணனுடையது. பிரிண்டர் நின்றதும் அவர் கை பழக்கத்தில் கடைசித் தாளுக்குப் போனது. மேலிருந்து கீழ்வரை படித்தார். அடிவரிக்கு வந்து, மறுபடி மேலிருந்து ஒருமுறை படித்தார். பிறகு மடித்து, கதவைத் திறந்து, அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.