நாலாம் நம்பர் கட்டில்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஐசியூவில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவளுக்கு அது குறையில்லை, தகுதி என்பது என் கட்சி.

எங்கள் ஐசியூவில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. கட்டில் நம்பர், அதன் கீழே அந்த வேளைக்குப் பொறுப்பான நர்ஸின் பெயர். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒரு நர்ஸ், அவருக்கு மட்டுமே. மற்றவர்களுக்கு இரண்டு பேருக்கு ஒருவர். ஆள் குறைந்த நாட்களிலும் இதை எப்படியாவது காப்பாற்றினோம். இந்தத் தீவில் அதைச் செய்து காட்டியதில் எனக்கு இன்றும் கர்வம் உண்டு.

ஆனால் எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கமும் இருந்தது. நோயாளியைக் கடல் தாண்டி மெயின்லேண்டுக்கு அனுப்புவதாக முடிவாகி, விமானத்தில் இடம் உறுதியாகிவிட்டால் போதும், பலகையில் அந்த நம்பரை அழித்துவிடுவோம். கட்டிலில் ஆள் கிடப்பார், ஆனாலும் "பெட் காலி" என்போம். கப்பல் டிக்கெட்டுக்காகக் காத்திருந்தே வளர்ந்தவர்கள் நாங்கள். டிக்கெட் கைக்கு வந்தாலே ஊர் போய்ச் சேர்ந்த நிம்மதி வந்துவிடும்.

அன்று காலை நாலாம் நம்பரை அழித்தது நான்தான்.

அந்தக் கட்டிலில் இருந்தவள் தீவின் வடகோடித் திக்லிபூர்க்காரி, முப்பது வயதிருக்கும். வயலில் நாற்று நட்டவளுக்கு எலிக்காய்ச்சல் வந்து நுரையீரல் வரை போயிருந்தது. வென்டிலேட்டர்தான் அவளுக்காக மூச்சு விட்டது. மதிய விமானத்தில் சென்னைக்கு இடம் கிடைத்திருந்தது. அன்றைய ஷிஃப்ட் பொறுப்பு என்னுடையது; அவளுக்கான நர்ஸை, விபத்தில் அடிபட்டு வந்த இரண்டு பேரிடம் அனுப்பினேன். ஏற்கெனவே என் பொறுப்பில் இரண்டு பேர். 'மதியம் வரைக்கும்தானே' என்று இவளையும் நானே பார்த்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு மழை பிடித்தது. என் வீடு விமான நிலையத்தை ஒட்டிய லம்பா லைனில். சின்ன வயதிலிருந்து விமானச் சத்தம் கேட்டு வளர்ந்தவள் நான். அன்று வானத்தில் ஒரு சத்தமும் இல்லை. விமானம் ரத்து என்று போன் வந்ததும் "சரி, நாளைக்கு" என்று வைத்துவிட்டேன். பலகையை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இரண்டாம் கட்டிலில் ஒரு பெரியவரைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தபோது நாலாம் கட்டில் பக்கத்துக் கண்ணாடிக் கதவு படபடவென்று தட்டப்பட்டது. திக்லிபூர்க்காரியின் கணவர்.

"சிஸ்டர், ஜல்தி வாங்க! அந்த மெஷின் ரொம்ப நேரமா கத்துது!"

மழை இரைச்சலில் எனக்கு அது கேட்கவில்லை. ஓடினேன். குழாயில் ரத்தமும் சளியும் சேர்ந்து அடைத்திருந்தது. உதடு நீலம் பாரித்துவிட்டது. டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே அடைப்பை உறிஞ்சி எடுத்தேன். ஆக்ஸிஜன் அளவு மெல்ல ஏறியது. உதட்டில் நிறம் திரும்பியது.

டாக்டர் வந்து அவளருகே நின்றதும் வாசல் பக்கம் வந்தேன். கணவர் உள்ளே வந்து பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சிஸ்டர், நாலாம் நம்பருக்கு யாருமே இல்லியா? போர்டுலயே இல்லியே."

கோபம் வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, முதலில் அவர்மேல்தான் வந்தது. "இங்கெல்லாம் நிக்கக் கூடாது, வெளியே போய் உக்காருங்க" என்று கத்தினேன். அவர் போய் உட்கார்ந்தார். அப்புறம்தான் எனக்கு வெட்கமாக இருந்தது.

நேராக எங்கள் நர்சிங் மேடத்திடம் போனேன். மலையாளி, என்னைவிட இருபது வருடம் மூத்தவர், மெதுவாகப் பேசுபவர்.

"நாலாம் நம்பருக்குத் தனி ஆள் வேணும் மேடம். இப்பவே."

"நாளைக்கு சீட் கன்ஃபர்ம் ஆயிருக்கில்லே? ஒரு ராத்திரி அட்ஜஸ்ட் பண்ணக் கூடாதா?"

"சீட் மூச்சு விடுமா மேடம்? நான் காலையில அவளைக் கணக்குலேர்ந்து எடுத்துட்டேன். அவ செத்துப்போயிருப்பா. தப்பு என்னோடது. ஆனா திரும்பவும் அதே தப்பைச் செய்யமாட்டேன். இனி நான் நாலாம் நம்பரை விட்டு நகர மாட்டேன். என்னோட மத்த ரெண்டு பேருக்கு நீங்க வழி சொல்லுங்க."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். எழுந்து வந்து கை கழுவினார். என் இரண்டு நோயாளிகளையும் ஷிஃப்ட் முடியும்வரை அவரே பார்த்தார். அன்று அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன், நேரம்தான் இல்லை.

பலகையில் நாலு என்று பெரிதாக எழுதி, கீழே என் பெயரை எழுதினேன்.

மழை விடவில்லை. மறுநாளும் விமானம் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. விடுப்பில் இருந்த இரண்டு பேர் ஜங்லிகாட்டிலிருந்து முழங்கால் தண்ணீரில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு வேளையும் நாலாம் நம்பரின் கீழே ஒரு பெயர் இருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம் என்பார்களே, அப்படிப் பார்த்தோம். ஆறாம் நாள் குழாயை எடுத்தார்கள். அவள் தானாக மூச்சு விட்டாள். தொண்டை கம்மி, "தண்ணி" என்றாள்.

சென்னை போக வேண்டிய அவசியமே வரவில்லை. சக்கர நாற்காலியில் அவளை வார்டுக்கு மாற்றிய அன்று கணவர்தான் தள்ளிக்கொண்டு போனார். பலகை அருகே நிறுத்தினார்; அன்று நாலின் கீழே இருந்தது என் பெயர். நான் முன்பு கத்தியதை அவர் மறந்திருக்க மாட்டார். நானும் மறக்கவில்லை.

"இப்ப அழிக்கலாமா சிஸ்டர்?"

டஸ்டரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். நாலாம் நம்பரை அவரே அழித்தார். என் பெயரை மட்டும் அழிக்காமல் விட்டுவிட்டுப் போனார்.